"செத்த கை" என்று கைவிடலாமா?

2011ஆம் ஆண்டு வன்னியின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் விதைநெல் பகிர்ந்தளிக்கச் சென்றிருந்தோம். வரிசையில் நின்ற குடும்பத்தலைவர் ஒருவர் தமது வலக்கையைத் துவாயால் மூடியிருந்தார். முறை வந்தபோது இடக்கையால் சிரமப்பட்டுக் கையொப்பமிட்டார். "கையில் என்ன ஐயா?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி பதில் சொன்னார்: "அது செத்த கை, பாதர். சாக்கைத் தூக்க நான் நிற்கிறேன்."

2009இன் தொடக்கத்தில் எறிகணைச் சிதறல் ஒன்று அவரது மேற்கையைத் துளைத்துச் சென்றிருந்தது. காயம் துப்புரவாக்கப்பட்டு, மருந்து கட்டப்பட்டு, இரண்டு மாதத்தில் தோல் மூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரல்களை நிமிர்த்த முடியவில்லை. மண்வெட்டிப் பிடியைச் சுற்றி விரல்களை வைத்தாலும் இறுக்கம் வரவில்லை. முகாமில் கேட்டவர்கள் எல்லாரும் "காயம் ஆறிவிட்டதே" என்றார்கள். உண்மைதான். காயம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. இந்த வேறுபாட்டை எவரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

போர் 2009இல் முடிந்தது. ஆயினும் துவாயால் மூடிய கைகளையும், நிலத்தில் இழுபடும் பாதங்களையும் எமது கிராமங்களில் இன்றும் காண்கிறோம். போர்க்காயம் மட்டுமல்ல, கத்தி, கண்ணாடி, வீதி விபத்து, நோய் என்று புதிய காரணங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. நாம் வைத்தியர்கள் அல்லர். இருந்தபோதிலும் நரம்புக் காயம் பற்றி மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்தவற்றுள், ஒரு கமக்காரக் குடும்பம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எது நரம்பு?

எமது பேச்சு வழக்கில் மூன்று வெவ்வேறு பொருட்களுக்கு நரம்பு என்ற ஒரே பெயர் வழங்குகிறது. புறங்கையில் நீல நிறமாகப் புடைத்து நிற்பதை நரம்பு என்கிறோம். தாதி ஊசி ஏற்றுவது அதில்தான். அது இரத்தம் ஓடும் நாளம். மணிக்கட்டை மடக்கும்போது தோலின் கீழ் கயிறு போல எழுவதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண். இவை இரண்டும் நரம்பல்ல.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சின்னவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுள்ளென்று இழுக்கிறதல்லவா? அந்த இடத்தில் தோலின் கீழ் ஓடுகிறதே, அதுதான் நரம்பு. மணிக்கட்டில் ஆழமாக வெட்டுப்பட்டால் மூன்றும் ஒன்றாக அறுபடலாம். இரத்தம் நின்றவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அறுந்த தசைநாணும் அறுந்த நரம்பும் தைத்த தோலின் அடியில் மறைந்து கிடக்கும்.

நரம்பு என்பது ஒரு தனிக் கயிறு அன்று. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் சேர்ந்த கட்டு. ஒவ்வோர் இழைக்கும் முள்ளந்தண்டில் அல்லது அதன் அருகில் ஒரு வேர் உண்டு. அங்கிருந்து அது அறுபடாமல் விரல் நுனி வரை நீண்டு செல்கிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை செல்லும் இழையொன்று ஏறக்குறைய 1 மீற்றர் நீளமானது. சில இழைகள் தசைக்குக் கட்டளை கொண்டு செல்கின்றன. சில இழைகள் சூடு, குளிர், வலி, தொடுகை ஆகிய செய்திகளை மூளைக்குக் கொண்டு வருகின்றன. வேறு சில வியர்வையையும் இரத்த ஓட்டத்தையும் கவனிக்கின்றன. ஆகவே நரம்பு கெட்டால் அசைவு குறையும், உணர்வு குறையும், அந்த இடத்துத் தோல் வியர்க்காமல் வறண்டும் போகும்.

போர்க்களங்களில் பிறந்த அறிவு

நரம்புக் காயம் பற்றிய அறிவின் பெரும் பகுதி, வருத்தத்துக்குரிய வகையில், போர்களிலிருந்தே கிடைத்தது. 1850இல் அகஸ்டஸ் வொலர் என்ற ஆங்கிலேய வைத்தியர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்து, நுணுக்குக்காட்டியால் பார்த்துவந்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள இழைகள் சில நாட்களில் சிதைந்து போவதைக் கண்டார். வேரோடு தொடர்புள்ள பகுதியோ உயிரோடு இருந்தது. நரம்பு முழுவதும் சாவதில்லை, வெட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதியே சாகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிலடெல்பியா நகரில் நரம்புக் காயக்காரருக்கென்றே ஒரு வைத்தியசாலை இயங்கியது. அங்கே பணிபுரிந்த வெயர் மிச்சல் என்பவரும் அவரது தோழர்களும் 1864இல் தமது அவதானிப்புகளை நூலாக வெளியிட்டார்கள். காயம் ஆறிய பின்னும் கை நெருப்பில் கிடப்பது போல எரிகிறது என்று துடித்த போர்வீரர்களை அவர்கள் கண்டார்கள். அவர்களிற் சிலர் ஈரத்துணியால் கையைச் சுற்றியபடியே இருந்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள். அது பாசாங்கு அல்ல, மனநோயும் அல்ல, காயப்பட்ட நரம்பின் எரிவலி என்று மிச்சல் எழுதிவைத்தார். எமது கிராமங்களிலும் இத்தகைய வலியைச் சொல்லி, எவராலும் நம்பப்படாமல் இருப்பவர்கள் உள்ளனர். அவர்கள் சொல்வது உண்மை.

1915இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பிரான்சில் ஜூல் தினெல் என்பவரும் ஜேர்மனியில் பவுல் ஹொஃப்மன் என்பவரும் ஒரே அடையாளத்தைத் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டார்கள். இரு நாடுகளும் எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்டன. ஆனால் இரு வைத்தியர்களும் கண்டது ஒன்றே: காயப்பட்ட நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால், இழைகள் வளர்ந்து வந்திருக்கும் இடத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு அந்த நரம்பு செல்லும் பகுதியில் எழும். மாதந்தோறும் அந்த இடம் கீழ்நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் வழியில் தடை இருக்கிறது என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றைய வைத்தியர்கள் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

மூன்று வகைக் காயங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், இங்கிலாந்தின் ஹேர்பேட் செடன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்காலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

முதலாவது வகையில், வாய்க்கால் நன்றாகவே இருக்கிறது. ஓரிடத்தில் அடைப்பு மட்டும் விழுந்திருக்கிறது. அழுத்தத்தாலோ அடியாலோ செய்தி போவது தற்காலிகமாக நின்றுவிடுகிறது. இழை அறவில்லை. இது சில நாட்களில் அல்லது சில கிழமைகளில், பெரும்பாலும் 3 மாதங்களுக்குள், தானாகவே சரியாகும்.

இரண்டாவது வகையில், உள்ளிருக்கும் இழை அறுந்துவிட்டது. ஆனால் அதைச் சுற்றியுள்ள குழாய் அறவில்லை. நீர் வற்றிவிட்டது, வரம்புகள் உடையவில்லை. மேலிருந்து புதிய இழை அந்தப் பழைய வழியிலேயே வளர்ந்து இறங்கும். சத்திர சிகிச்சை இல்லாமலே சுகம் வரும். ஆனால் நீண்ட காலம் எடுக்கும்.

மூன்றாவது வகையில், இழையும் குழாயும் ஒருமிக்க அறுந்துவிட்டன. வரம்பே உடைந்துவிட்டது. வளர வருகிற இழைகளுக்கு வழி தெரியாது. அவை அறுந்த முனையில் சுருண்டு, தொட்டால் நோகும் ஒரு முடிச்சாகிவிடும. இதைத் தைத்து இணைத்தாலன்றி ஒன்றும் நடவாது. எத்தனை எண்ணெய் தேய்த்தாலும், எத்தனை சத்துக் குளிசை விழுங்கினாலும் அறுந்த நரம்பு ஒட்டாது.

வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்று வகைக் காயங்களும் ஒரே மாதிரித்தான் தெரியும். கை தொங்கும், விரல் விறைக்கும். ஆகவேதான் அது எந்த வகை என்று அறிவது முக்கியமாகிறது.

நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம் என்றால், அது இதுவாக இருக்கட்டும். அறுந்த நரம்பிழை வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். அதாவது மாதத்துக்கு 3 சென்ரிமீற்றர். வளர்ச்சி தொடங்கவே சில கிழமைகள் செல்லும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை அடைய ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் வளர வேண்டும்: 6 மாதம். முழங்கையில் அறுந்தால் கையின் சிறு தசைகளை அடைய 30 சென்ரிமீற்றர்: 10 மாதம் அல்லது அதற்கு மேல். கமக்கட்டுக்கு அருகில் அறுந்தால் கைக்கு வந்து சேர ஏறக்குறைய 2 ஆண்டுகள்.

மறுபக்கத்தில், நரம்பில்லாத தசை எத்தனை காலம் காத்திருக்கும்? 12 முதல் 18 மாதங்கள் வரையில்தான். அதன்பின் தசை மெலிந்து நாராகிவிடும். நரம்பு வந்து சேர்ந்தாலும் அங்கே கட்டளையை ஏற்க ஆளில்லை. தொடுகை உணர்வு ஓரளவு பிந்தியும் திரும்பலாம், தசை அப்படியல்ல. விதைப்புக்குப் பருவம் இருப்பது போல நரம்பைத் தைப்பதற்கும் பருவம் உண்டு. மாரி போன பின் விதைத்துப் பயனில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இரட்டைச் சோதனை. நரம்பு கேட்பது ஓராண்டு காலப் பொறுமையும் ஒழுங்கான கிளினிக்கும். அந்த ஓராண்டுக்குள் மூன்று நான்கு இடங்கள் மாறியவர்களை நாம் அறிவோம். ஒவ்வோர் இடத்திலும் புதிய வைத்தியர், புதிய கொப்பி, முதலிலிருந்து கதை. ஆகையால் கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலைத் துண்டையும் காணி உறுதியோடும் குடும்ப அட்டையோடும் ஒன்றாக வைத்துப் பாதுகாருங்கள். காயம் பட்ட திகதி, தைத்த திகதி, எந்த விரல் எப்போது அசையத் தொடங்கியது ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள்.

கமத்திலும் வீட்டிலும் காரணங்கள்

வெட்டுக்காயம், வெடிக்காயம், எலும்பு முறிவு ஆகியவை யாவரும் அறிந்த காரணங்கள். மேற்கை எலும்பு முறியும்போது அதை ஒட்டிச் சுற்றிச் செல்லும் நரம்பும் அடிபட்டு மணிக்கட்டு தொங்கலாம். முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் போனாலும், கட்டுப் போடுவதற்கு முன் மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா, விரல்கள் உணர்கின்றனவா என்று பாருங்கள். கட்டிய பின் விரல்கள் வீங்கி, வெளிறி, தாங்க முடியாத வலி எடுத்தால் மணித்தியாலக் கணக்கில்கூடத் தாமதிக்காமல் கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பாம்பு கடித்த இடத்துக்கு மேல் கயிற்றால் இறுகக் கட்டுவதும் நரம்புக்குக் கேடு.

ஓசையில்லாத காரணங்களும் உண்டு. பல மணிநேரம் குந்தியிருந்து களை பிடுங்குபவருக்கும் வெங்காயம் கிண்டுபவருக்கும் முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கலாம். பிற நாடுகளில் குந்தியிருந்து பழம் பறிக்கும் தொழிலாளரிடம் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும், தவிர்க்கலாம். காலிழந்தவர்கள் ஊன்றுகோலைக் கமக்கட்டில் முட்டக் கொடுத்து உடல் பாரத்தைப் போட்டால் கையின் நரம்பு நசுங்கி மணிக்கட்டு விழும். பாரம் கைப்பிடியில் இருக்க வேண்டும். ஊன்றுகோலின் மேல்முனைக்கும் கமக்கட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும்.

நஞ்சுகளும் நரம்பைத் தாக்கும். 1977, 1978 காலத்தில் இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால் நரம்புகள் திடீரெனப் பலவீனமடைந்தன. பேராசிரியர்கள் நிமால் சேனநாயக்காவும் ஜெயரட்ணமும் காரணத்தைத் தேடினார்கள். பூப்படைந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது எமது வழக்கம். அந்த எண்ணெயில் இயந்திர எண்ணெய்களிற் சேர்க்கப்படும் ஓர் இரசாயனம் கலந்திருந்தது. வேறு எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் அது கலந்திருக்கலாம் என்று 1981இல் அவர்கள் வெளியிட்டார்கள். பிள்ளையைப் பேணக் கொடுத்த எண்ணெயே பிள்ளையின் காலைப் பறித்தது. கிருமிநாசினிப் போத்தலிலும் எண்ணெய்க் கலனிலும் உணவுப் பொருளை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் சரி.

நோய்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். சீனி வருத்தம் இரண்டு பாதங்களையும் மெதுவாக விறைக்கச் செய்யும். தொழுநோய்க் கிருமி நரம்புக்குள்ளேயே குடியிருக்கும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. தொட்டால் உணராத வெளிறிய தேமல் கண்டால் ஒளிக்காமல் காட்டுங்கள். 6 அல்லது 12 மாத மருந்தால் முற்றாகக் குணமாகும், மருந்து இலவசம். கையிலோ காலிலோ பலவீனம் தொடங்கி 6 மாதத்துக்குள் வந்தால் நரம்பையும் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கையில் ஆழமான காயமோ முறிவோ ஏற்பட்டால், தைப்பதற்கு முன்னும் பின்னும் இவற்றைப் பாருங்கள்:

1. பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் போட முடிகிறதா?

2. விரல்களை அகல விரித்துச் சேர்க்க முடிகிறதா? விரலிடுக்கில் ஒரு கடதாசியைப் பிடித்துக்கொள்ள முடிகிறதா?

3. உள்ளங்கை கீழே பார்த்திருக்க, மணிக்கட்டை மேலே உயர்த்த முடிகிறதா?

4. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டால் சுட்டுவிரல் நுனியும், சின்னவிரல் நுனியும், பெருவிரலின் பின்புற அடிப்பகுதியும் உணர்கின்றனவா?

5. கால் என்றால், குதிக்காலால் மட்டும் நடக்க முடிகிறதா?

ஒன்று முடியாவிட்டாலும் வைத்தியரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "தையல் போட்டாயிற்று" என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம், "விரல் ஏன் அசையவில்லை?" என்று பணிவாகக் கேளுங்கள்.

சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. 1973இல் ஓரியன் என்ற அயர்லாந்து வைத்தியர் இதை வெளியிட்டார். இளஞ்சூடான நீரில் அரை மணிநேரம் கையை வைத்திருந்தால் விரல் நுனித் தோல் சுருங்கும். நரம்பு அறுந்த விரல் சுருங்காது. நீரின் சூட்டை நீங்கள் உங்கள் கையால் முதலிற் பாருங்கள். உணர்வற்ற விரல் சுடுவதை அறியாது. காயம் ஆறாத கையை நீரில் வைக்க வேண்டாம்.

பெரிய வைத்தியசாலைகளில் நரம்பில் சிறிது மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு விரைவாகப் போகிறது என்று அளப்பார்கள். தசையில் மெல்லிய ஊசியிட்டும் பார்ப்பார்கள். காயம் பட்டு ஏறக்குறைய 3 கிழமைக்குப் பின்பே இச்சோதனை சரியான விடை தரும். ஏனெனில் வொலர் கண்டதுபோல, அறுந்த இழை சிதைவதற்குச் சில நாட்கள் எடுக்கும். அதுவரை அது பொய்யாக உயிருள்ளது போலவே காட்டும்.

சிகிச்சைகள்

கூரான கத்தியோ கண்ணாடியோ வெட்டிய நரம்பைச் சில நாட்களுக்குள் தைப்பதே சிறந்தது. பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் உதவியோடு, தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைப்பார்கள். எறிகணை, துப்பாக்கிக் காயங்களில் நரம்பு எவ்வளவு தூரம் நசிந்தது என்று உடனே தெரியாது. மூடிய காயங்களிலும் முறிவுகளிலும் பல நரம்புகள் தாமாகவே மீளும். ஆகவே வைத்தியர் சில மாதங்கள் காத்திருந்து பார்க்கச் சொல்லலாம். அது கைவிடுவது அல்ல. ஆனால் 3 மாதமாகியும் எவ்வித முன்னேற்றமும் இல்லையென்றால், "இனி என்ன?" என்று கேட்க வேண்டிய வேளை அது.

முனைகளுக்கிடையே இடைவெளி இருந்தால் இழுத்துக் கட்டக் கூடாது. இறுக்கத்தோடு தைத்த நரம்பு ஆறாது என்பதை 1970களில் வியன்னா நகரின் ஹன்னோ மிலேசி என்ற நிபுணர் எடுத்துக்காட்டினார். கெண்டைக்காலிலிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து இடையில் ஒட்டுவார்கள். பாதத்தின் வெளியோரம் சிறிது விறைக்கும், கை கிடைக்கும். 1994இல் பிரான்சின் ஒபர்லின் என்பவர் இன்னொரு வழியைக் காட்டினார். முழங்கையை மடக்கும் தசைக்கு நரம்பு அற்றுப்போனவர்களுக்கு, அருகில் நல்ல நிலையில் ஓடும் நரம்பிலிருந்து ஓர் இழைக்கட்டைப் பிரித்து அதனுடன் இணைத்தார். தூரத்துக் குளத்து நீருக்குக் காத்திராமல் அயல் வாய்க்காலிலிருந்து மடை திறப்பது போன்றது இது.

பருவம் தவறியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நரம்பு வராவிட்டாலும், நல்ல நிலையில் உள்ள தசையொன்றின் நாணை எடுத்து, வேலை செய்யாத தசையின் நாணோடு இணைக்கலாம். பவுல் பிராண்ட் என்பவர் 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மறைப்பணியாளரின் மகனாகப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை இந்த முறையால் நிமிர்த்தினார். பிச்சையேந்திய கைகள் தச்சுவேலை செய்தன.

காத்திருக்கும் காலத்தில் காவல்

பிராண்ட் இன்னோர் உண்மையையும் கண்டார். தொழுநோயாளரின் விரல்கள் அழுகி விழுவதாகவே உலகம் நம்பியிருந்தது. அவர் கவனித்துப் பார்த்தபோது, சதையில் தவறில்லை. உணர்வின்மையே விரலைத் தின்றது. சுடுபாத்திரத்தைப் பிடித்தவருக்கு வலிக்கவில்லை. ஆணி மிதித்தவர் அதன் மேலேயே நடந்தார். சிலருக்கு இரவில் விரல் குறைந்திருந்தது. காவல் வைத்துப் பார்த்தபோது, தூங்குபவரின் விரலை எலி கடிப்பதும் அவர் விழிக்காததும் தெரியவந்தது. வலி ஒரு காவற்காரன். அவன் இல்லாத கைக்கு நாமே காவல் இருக்க வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியவை இவை:

1. செயலிழந்த கையின் ஒவ்வொரு மூட்டையும் மற்றக் கையால் மெதுவாக, முழுமையாக மடக்கி நிமிர்த்துங்கள். காலை, மதியம், மாலை பத்துப் பத்துத் தடவை. மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. காயத்தைத் தைத்த புதிதில் இதை வைத்தியர் அனுமதித்த பின்பே தொடங்குங்கள்.

2. தொங்கும் மணிக்கட்டையும் பாதத்தையும் தாங்குவதற்கு வைத்தியசாலையில் தரும் தாங்கியை அணியுங்கள்.

3. மாலையில் வெளிச்சத்தில் கையையும் காலையும் கண்ணால் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, முள் இருக்கிறதா? தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

4. அடுப்படியில் துணி பிடித்துத் தூக்குங்கள். தேநீர்க் கோப்பையை உணர்வுள்ள கையால் எடுங்கள். உணர்வில்லாத பாதத்தோடு வெறுங்காலில் வயலுக்கும் காணிக்கும் இறங்காதீர்கள்.

5. எரிவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாதாரண வலிக்குளிசை அதற்குப் போதாது. நரம்பு வலிக்கென வேறு மருந்துகள் உண்டு.

துவாய் விலகிய கை

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கமக்காரர் என்ன ஆனார்? அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். "நரம்பு தைக்கும் காலம் கடந்துவிட்டது, நாண் மாற்றலாம்" என்றார் சத்திர சிகிச்சை நிபுணர். கேட்டதும் அவரது மனைவி அழுதார். காலம் இருந்தது, தமக்குத்தான் தெரியாமற் போயிற்று என்பதே அவரது துயரம். அந்த அழுகைதான் எம்மை இதை எழுதத் தூண்டியது.

சத்திர சிகிச்சை நடந்தது. பல கிழமைகள் கை கட்டில் இருந்தது. பின் மாதக்கணக்கில் பயிற்சி. அடுத்த மாரிக்கு அவர் மண்வெட்டி பிடித்தார். பழைய கை திரும்பியது என்று சொல்ல மாட்டோம். விரல்களைத் தனித்தனியே நிமிர்த்த அவரால் இயலாது. நாள் முழுவதும் கொத்தவும் இயலாது. ஆனால் வரம்பு கட்டுகிறார், பிள்ளையைத் தூக்குகிறார், பூசைக்குத் துவாய் இல்லாமல் வருகிறார்.

சூம்பிய வலக்கையோடு செபக்கூடத்துக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். இயேசு அவரை மூலையில் விட்டுவிடவில்லை. எழுந்து எல்லாருக்கும் நடுவே வந்து நிற்கச் சொன்னார். பின்னரே கையை நீட்டச் சொன்னார். ஒளித்து வைத்த கை முதலில் வெளியே வர வேண்டும். உங்கள் அயலில், உங்கள் மாதர் சங்கத்தில், உங்கள் கமக்காரர் அமைப்பில் அப்படி ஒருவர் இருந்தால் இப்பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். காயம் எப்போது பட்டது என்று கேளுங்கள். மாதங்களைக் கணக்கிடுங்கள். காலம் இருந்தால் நாளைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். காலம் போய்விட்டது போலத் தோன்றினாலும் அனுப்புங்கள். பஸ்ஸில் அவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.